பழைய டாங்கி மாதிரிகளை மீள வண்ணமிடுதல்

பழைய டாங்கி மாதிரிகளை மீள வண்ணமிடுதல் என்பது, போர்க்கால டாங்கிகளின் சிற்றளவு மாதிரிகளுள் நிறம் மங்கியோ உறுப்புகள் உடைந்தோ போனவற்றைத் துப்புரவு செய்து, குறைகளைச் சரிப்படுத்தி, விடுபட்ட நுண்ணுறுப்புகளைச் சேர்த்து, மீண்டும் வண்ணம் தீட்டும் கைவேலை ஆகும். புதிய தொகுப்பு ஒன்றைப் பொருத்துவதிலிருந்து இது முக்கியமான ஒரு வகையில் வேறுபடுகின்றது. பழைய மாதிரியின் மேற்பரப்பில் ஏற்கெனவே ஒருவர் செய்த வேலை இருக்கின்றது. அதை நீக்கிவிட்டால் திரும்பப் பெற இயலாது. ஆகவே எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது, எந்தப் படைப்பிரிவின் எந்த ஆண்டு வண்டியாக அதை ஆக்குவது என்னும் கேள்விகளே இவ்வேலையில் முதலிடம் பெறுகின்றன. தூரிகை அதற்குப் பின்னரே கையில் எடுக்கப்படும்.

பெயர்

கவசமும் சங்கிலிப் பட்டையும் சுழல்கோபுரமும் கொண்ட போர் ஊர்தி தமிழ்நாட்டு இதழ்களில் டாங்கி அல்லது பீரங்கி வண்டி என்றும், இலங்கைத் தமிழில் தாங்கி என்றும் வழங்கப்படுகின்றது. இவ்வூர்தியை முதன்முதலில் உருவாக்கிய பிரித்தானியர், அதன் இரகசியத்தைக் காப்பதற்காகத் தண்ணீர்த் தொட்டி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மறைபெயராக இட்டனர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதன்முறை களமிறங்கிய பின்னரும் அப்பெயரே நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழில் தண்ணீர்த் தொட்டியும் தாங்கி என்றே சொல்லப்படுவதால், அந்த மறைபெயரின் இரட்டைப் பொருள் அங்கு தானாகவே அமைந்துவிடுகின்றது. பீரங்கி வண்டி என்னும் சொல் குதிரைகள் இழுத்த பழைய பீரங்கிகளையும் குறிக்கக்கூடும் என்பதால், இக்கட்டுரையில் டாங்கி என்ற சொல்லே ஆளப்படுகின்றது.

மாதிரிகளின் வகைகளும் அளவுகளும்

பழைய மாதிரி ஒன்று கைக்கு வரும்போது முதலில் அறிய வேண்டியது அது எப்பொருளால் ஆனது என்பதாகும். இங்கிலாந்தின் மெக்கானோ நிறுவனம் 1930களில் டிங்கி டாய்ஸ் என்னும் பெயரில் வார்ப்பு உலோக டாங்கிகளை விற்றது. அக்காலத்து உலோகப் பொம்மைகள் ஈயத்தாலோ துத்தநாகக் கலவையாலோ ஆனவை. துத்தநாகக் கலவையில் சிறிதளவு ஈயம் மாசாகக் கலந்திருந்தால், பல ஆண்டுகளுக்குப் பின் உலோகம் உள்ளிருந்தே உப்பி, வெடித்து, உதிரத் தொடங்கும். இதற்கு மருந்தில்லை. இந்நிலையில் உள்ள மாதிரிக்குப் புதிய வண்ணம் பூசுவது வீண் வேலை.

நெகிழி மாதிரிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீனால் ஆனவை. இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் நிறுவனம் 1:76 அளவிலும், சப்பானின் சிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1:35 அளவிலும் 1960களின் தொடக்கத்தில் டாங்கித் தொகுப்புகளை வெளியிடத் தொடங்கின. 1:35 என்பது கணக்கு வசதிக்காகத் தேர்ந்த எண் அன்று. தமியாவின் முதல் பாந்தர் டாங்கி மின்மோட்டாரால் ஓடும் பொம்மையாக வடிவமைக்கப்பட்டது. மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அடங்கும்படி உடற்பகுதியை அமைத்த பின்னர் அளந்து பார்த்தபோது, அது உண்மை வண்டியில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக இருந்தது. பிற நிறுவனங்களும் அவ்வளவையே பின்பற்றியதால், ஒரு மின்கலத்தின் பருமன் உலகெங்கும் டாங்கி மாதிரிகளின் அளவைத் தீர்மானித்துவிட்டது எனலாம்.

அளவைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு. 5.84 மீட்டர் நீளமுள்ள ஐக்கிய அமெரிக்காவின் செர்மன் டாங்கி, 1:35 அளவில் 16.7 சென்டிமீட்டராகவும் 1:76 அளவில் 7.7 சென்டிமீட்டராகவும் அமையும். இவ்விகிதம் வண்ணத்துக்கும் பொருந்தும் என்பது பலர் எண்ணாத செய்தி. 1:35 மாதிரியில் பழைய பூச்சும் புதிய பூச்சும் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தால், அது உண்மை வண்டியில் 3.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள வண்ணத்துக்கு ஒப்பாகும். திருகாணித் தலைகளும் இணைப்புக் கோடுகளும் அதனுள் புதைந்துபோகும். பழைய வண்ணத்தின் மேலேயே மீண்டும் பூசுதல் பெரும்பாலும் தோல்வியுறுவதற்குக் காரணம் இதுவே.

இந்தியாவில் நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் நீக்கப்படும் வரை வெளிநாட்டுத் தொகுப்புகள் எளிதில் கிடைக்கவில்லை. பின்னர், பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. சுங்க வகைப்பாட்டில் சிற்றளவு மாதிரிகளும் பொம்மைகளின் தலைப்பிலேயே அடங்குகின்றன. பரணில் கிடக்கும் பழைய மாதிரியைத் தூக்கி எறியாமல் திருத்திக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

எந்த வண்டி என்று தீர்மானித்தல்

தொகுப்புகளுடன் வரும் குறிப்பேடுகளும் சின்னங்களும் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்க, செருமானிய, பிரித்தானிய, சோவியத் படைகளுக்கு உரியவை. அதே டாங்கிகள் பலவற்றில் இந்தியப் படையினர் போரிட்டுள்ளனர். பழைய செர்மன் மாதிரி ஒன்றை இந்தியப் படைப்பிரிவின் வண்டியாக மீள வண்ணமிட விரும்புவோர் சான்றுகளைத் தாமே தேட வேண்டியுள்ளது.

1945 பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பர்மாவில் ஐராவதி ஆற்றைக் கடந்து மெய்க்திலா நகரைக் கைப்பற்றிய படையெடுப்பில், 17ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவுடன் 255ஆம் இந்திய டாங்கிப் படையணியின் செர்மன்கள் சென்றன. புரோபின் குதிரைப்படை, தக்காணக் குதிரைப்படை ஆகியவை அவ்வணியைச் சேர்ந்தவை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் போரில் தக்காணக் குதிரைப்படை மீண்டும் செர்மன்களுடனேயே பாக்கித்தானின் பேட்டன் டாங்கிகளை எதிர்கொண்டது. ஒரே படைப்பிரிவு, ஒரே வகை வண்டி. ஆனால் இரண்டு நாடுகள், இரண்டு மண், இரண்டு வகையான சின்னங்கள். நடுவில் 1947ஆம் ஆண்டு இருக்கின்றது. பர்மாப் போரின் நேச நாட்டு வெள்ளை நட்சத்திரத்தை 1965ஆம் ஆண்டு வண்டியில் இடுவது வரலாற்றுப் பிழையாகும்.

இங்கு இன்னொரு கண்ணியும் உண்டு. பர்மாவில் இந்தியப் படைப்பிரிவுகள் ஓட்டிய செர்மன்களுள் எம்4ஏ4 வகை முதன்மையானது. கிறைசுலர் நிறுவனம் ஐந்து ஆறு-உருளை எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்து முப்பது உருளைகள் கொண்ட எஞ்சினாக்கி இவ்வகையில் பொருத்தியது. அதற்கு இடம் தேவைப்பட்டதால் உடற்பகுதி நீட்டப்பட்டு 6.06 மீட்டர் ஆயிற்று. 1:35 அளவில் வேறுபாடு வெறும் 6 மில்லிமீட்டர்தான். ஆனால் சக்கரத் தொகுதிகளுக்கு இடையிலான இடைவெளி அகன்று தெரியும். சாதாரண எம்4 மாதிரிக்கு எவ்வளவு நேர்த்தியாக வண்ணமிட்டாலும், இந்த இடைவெளியை அறிந்தவர் கண்ணுக்கு அது மெய்க்திலா வண்டியாகத் தோன்றாது. வண்ணத்தால் உருவப் பிழையை மறைக்க இயலாது என்பதால், கையில் உள்ள மாதிரிக்குப் பொருந்தும் படைப்பிரிவைத் தேடுவதே நல்லது; விரும்பிய படைப்பிரிவுக்காக மாதிரியை வற்புறுத்துவது பெருவேலையாக முடியும்.

சுட்டுவர்ட் இலகு டாங்கி மாதிரி கிடைத்தால் 1948 நவம்பர் 1 அன்று சோசி லா கணவாயில் நடந்த போரை நினைவுகூரலாம். 7ஆம் குதிரைப்படையின் சுட்டுவர்ட் டாங்கிகள் சுழல்கோபுரங்கள் கழற்றப்பட்ட நிலையில் சம்முவிலிருந்து காசுமீர்ப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவரப்பட்டு, சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் போரில் இறக்கப்பட்டன. மேசர் செனரல் கே. எஸ். திம்மையாவின் தலைமையில் இது நடந்தது. அத்தனை உயரத்தில் டாங்கிகளை எதிர்த்தரப்பு எதிர்பார்க்கவில்லை.

செஞ்சூரியன் டாங்கி மாதிரியைப் பொறுத்தவரை, இந்தியாவில் மிகவும் அறியப்பட்ட வண்டி பூனா குதிரைப்படையின் ஜேஎக்ஸ் 202 ஆகும். பாமகுசுத்தா என்னும் பெயருடைய இவ்வண்டியில்தான் 1971 திசம்பர் 16 அன்று பசந்தர் போரில் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் தமது 21ஆம் வயதில் உயிரிழந்தார். அவருக்குப் பரம் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. வண்டி பின்னர் சீரமைக்கப்பட்டு அகமதுநகரில் கவசப்படை மையத்தில் பாதுகாக்கப்படுகின்றது. ஒரு மாதிரியின் மேல் இவ்வெண்ணை எழுதியவுடன் அது ஏதோ ஒரு செஞ்சூரியன் என்ற நிலை மாறி, ஒருவர் இறந்த வண்டியாகிவிடுகின்றது. எனவே போருக்கு முந்தைய காலை நிலையைக் காட்டுவதா, குண்டடி பட்ட பிந்தைய நிலையைக் காட்டுவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும். அழகுக்காகச் சில குண்டுத் துளைகளை மட்டும் ஆங்காங்கே இட்டுவைப்பது பொருத்தமற்றது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, 1961இல் அமைக்கப்பட்ட ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த விசயந்தா டாங்கி குறிப்பிடத்தக்கது. பிரித்தானியாவின் விக்கர்சு வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு 105 மில்லிமீட்டர் பீரங்கியுடன் அமைந்த இது 1971 போரிலும் பயன்பட்டது. இதன் பீரங்கி பிற்காலச் செஞ்சூரியன்களின் பீரங்கியே எனினும் உடற்பகுதி வேறு. ஆகவே செஞ்சூரியன் மாதிரியை வண்ணத்தால் மட்டும் விசயந்தாவாக மாற்ற முடியாது.

நிறத்துக்கான சான்றுகளில் எச்சரிக்கை தேவை. போர்க்காலப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையானவை. அவற்றில் பச்சையும் மண்ணிறமும் ஒரே சாம்பலாகத் தெரியக்கூடும். இந்திய நகரங்களில் நினைவுச் சின்னங்களாக நிற்கும் 1965ஆம் ஆண்டுப் பேட்டன் டாங்கிகள் வடிவத்தையும் அளவையும் அறிய மிகவும் உதவுகின்றன. நிறத்துக்கு அவை நம்பத்தக்க சான்று அல்ல. வெயிலிலும் மழையிலும் நிற்கும் அவ்வண்டிகள் காலந்தோறும் கையில் கிடைத்த வண்ணத்தால் மறுபூச்சுப் பெறுபவை.

பழைய வண்ணத்தை நீக்குதல்

வேலை தொடங்குமுன் மாதிரியை எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்வது முதல் விதி. பழைய சின்னங்கள், எழுத்துகள், அடிப்பகுதியில் முன்னவர் எழுதிய தேதி ஆகியன இதில் பதிவாகும்.

பழைய எனாமல் வண்ணங்களிலும் உலோகப் பொம்மைகளின் பூச்சுகளிலும் ஈயச் சேர்மங்கள் இருந்திருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை மில்லியனுக்கு 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி எழுப்புவது தீங்கானது. சிறுவர் இருக்கும் வீட்டில் அது ஒருபோதும் கூடாது. நீரில் நனைத்துத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்தி, கழுவிய நீரையும் சேற்றையும் தனியே அகற்றுதல் வேண்டும்.

அக்ரிலிக் வண்ணமாயின் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் ஊறவைத்து மென்மையான பல் துலக்கியால் தேய்த்தால் பெரும்பகுதி கழன்றுவிடும். நீர் கலக்காத டெட்டாலும் இதே வேலையைச் செய்கின்றது. ஆனால் டெட்டாலில் ஊறிய மாதிரியை உடனே நீரில் காட்டினால், இளகிய வண்ணம் பிசினாக மாறி இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும். முதலில் டெட்டாலிலேயே அலசித் துடைத்துவிட்டுப் பின்னரே சோப்பு நீரில் கழுவ வேண்டும். கையுறை அணிதல் நன்று. அசிட்டோன், பெட்ரோல், கடைகளில் கிடைக்கும் சாதாரண தின்னர் ஆகியவை பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். உலோக மாதிரிக்குப் பொருந்தும் அசிட்டோன் நெகிழி மாதிரியைச் சில நிமிடங்களில் உருக்குலைத்துவிடும் என்பதால், எப்பொருளையும் முதலில் அடிப்பகுதியின் மறைவான மூலையில் சோதித்துப் பார்ப்பது வழக்கம். வெந்நீரும் ஆகாது. மெல்லிய உறுப்புகள் அதில் வளைந்துவிடும்.

பழைய தொகுப்புகளின் சங்கிலிப் பட்டைகள் மென்மையான வினைலால் ஆனவை. அதை மென்மையாக்கச் சேர்க்கப்பட்ட நெய்ப்பொருள் காலப்போக்கில் வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரங்களைக் கரைத்துவிடுகின்றது. பல்லாண்டு பெட்டியில் கிடந்த மாதிரிகளில் சக்கர விளிம்பில் பட்டையின் அச்சு ஆழமாகப் பதிந்திருப்பதைக் காணலாம். அத்தகைய சக்கரங்களில் பட்டி பூசி, உலர்ந்தபின் தேய்த்து வட்டமாக்க வேண்டும். புதிய பட்டை இடும்போது தொடும் இடங்களில் வண்ணப் படலம் முழுமையாக இருப்பது ஓரளவு காப்பாகும்.

பசை இட்ட இணைப்புகளைப் பிரிக்க நேர்ந்தால், மாதிரியைச் சில மணி நேரம் குளிர்பதனப் பெட்டியின் உறைவறையில் வைத்து எடுப்பர். பழைய பசை நொறுங்கும் தன்மை அடைந்து, மெல்ல அசைத்தால் விட்டுவிடும். நெகிழியையே உருக்கி இணைக்கும் பசையாயின் இம்முறை பலிப்பதில்லை. அப்பொழுது பிரிக்காமல் விடுவதே அறிவுடைமை.

நுண்ணுறுப்புகள்

1960, 1970களின் தொகுப்புகள் ஓடும் பொம்மையாகவும் பயன்படும்படி செய்யப்பட்டவை. அடித்தட்டில் மோட்டார் விசைக்கான துளைகளும், சங்கிலிப் பட்டைக்கு மேலே மூடப்படாத வெற்றிடமும் இருக்கும். மெல்லிய நெகிழித் தகட்டை வெட்டி இவற்றை அடைப்பது முதல் திருத்தமாகும். பீரங்கிக் குழலின் முனை அடைபட்டிருந்தால் கைத்துரப்பணத்தால் துளையிட வேண்டும். செலவே இல்லாத இவ்விரண்டு திருத்தங்களும் மாதிரியின் தோற்றத்தை மாற்றும் அளவுக்கு, விலை கொடுத்து வாங்கும் பித்தளைத் தகட்டு உறுப்புகள் மாற்றுவதில்லை.

கைப்பிடிகள் பழைய தொகுப்புகளில் உடலோடு ஒட்டிய மேடுகளாக வார்க்கப்பட்டிருக்கும். அவற்றைச் செதுக்கி நீக்கிவிட்டு, மின்கம்பியின் உள்ளிருக்கும் செம்பு இழையை வளைத்துப் பொருத்தலாம். அதே இழைகளை முறுக்கினால் இழுவை வடம் கிடைக்கின்றது. வானொலிக் கம்பத்துக்குத் தென்னை ஈர்க்கு பொருந்தும் என்று தோன்றலாம். ஆனால் 1 மில்லிமீட்டர் ஈர்க்கு 1:35 அளவில் 3.5 சென்டிமீட்டர் தடிப்புள்ள கம்பமாகிவிடும். 0.3 மில்லிமீட்டர் தூண்டில் நைலான் நரம்பு ஏறத்தாழச் சரியான பருமன் தரும். மெல்லிய தாளை நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து மடித்தால் சுருட்டிய தார்ப்பாய் ஆகும்.

வார்ப்பு எஃகுச் சுழல்கோபுரத்தின் சொரசொரப்பு பழைய மாதிரிகளில் இருப்பதில்லை. பட்டியைத் தின்னரில் மெல்லிதாகக் கரைத்து, முடி தேய்ந்த தூரிகையால் குத்திக் குத்திப் பூசினால் அது வரும். உருட்டிய தகடுகளால் ஆன உடற்பகுதிக்கு இதைச் செய்யக் கூடாது.

சங்கிலிப் பட்டையின் தொய்வும் கவனிக்கத்தக்கது. செர்மனின் பட்டையை மேலே சிறு உருளைகள் தாங்குவதால் அது இறுக்கமாக ஓடும். சோவியத்தின் டி-55 வகையில் அவ்வுருளைகள் இல்லை. எனவே பட்டை தொய்ந்து சக்கரங்களின் மேலேயே படிந்திருக்கும். டி-55 மாதிரியின் பட்டை நேர்க்கோடாக நீண்டிருந்தால், சக்கரங்களோடு சேர்த்து மெல்லிய நூலால் கட்டி இறக்கிக்கொள்ளலாம்.

வண்ணமும் கடலோரக் காற்றும்

முதலில் சாம்பல் நிற அடிப்பூச்சு இடுவர். முன்னவர் வண்ணம் எங்கெங்கே எஞ்சியுள்ளது, பட்டி எங்கே பள்ளமாயுள்ளது என்பதை அது காட்டிக்கொடுக்கும். மேல்வண்ணம் மெல்லிய இரண்டு மூன்று படலங்களாக இடப்படுகின்றது. காற்றுத் தூரிகை இல்லாதோர் அகலத் தூரிகையால் ஒரே திசையில் இழுத்தும் நல்ல பயன் பெறலாம். உண்மை வண்டியின் நிறத்தை அப்படியே சிறு மாதிரியில் இட்டால் அது கருத்துத் தெரியும். தொலைவில் உள்ள பொருளின் நிறம் காற்றினால் வெளுத்துத் தோன்றுவதே நம் கண்ணுக்குப் பழக்கம் என்பதால், சிறிது வெள்ளையோ மஞ்சளோ கலந்து வெளுப்பாக்குவர். அளவு சிறியதாக ஆக, வெளுப்பும் கூட வேண்டும்.

நூல்களில் காணப்படும் உலர்நேரக் கணக்குகள் குளிர்நாட்டு உலர்ந்த அறைகளுக்கு உரியவை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில், கடியப்பட்டணம், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் ஈரமும் உப்பும் மிகுந்திருக்கும். விரைவில் ஆவியாகும் லாக்கர் வண்ணத்தை மழைக்காலத்தில் பூசினால், ஆவியாதலால் குளிர்ந்த மேற்பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, படலம் பால்போல வெளுத்துவிடும். கரும்பச்சை வண்டி பூசணம் பூத்தது போலக் காட்சியளிக்கும். மழை ஓய்ந்த நண்பகலில் பூசுவதும், மெதுவாக உலரும் கரைப்பான் கலப்பதும், நீர்வழி அக்ரிலிக்கைத் தேர்வதும் இதற்கு வழிகள். மாதிரியின் மேல் உப்புப் படிந்திருக்கக்கூடும் என்பதால் பூசுமுன் நன்னீரில் கழுவி உலர்த்துதல் அவசியம். செம்பு இழை, பித்தளைத் தகடு, இரும்பு ஆணி ஆகியவை அடிப்பூச்சின்றி விடப்பட்டால் கடலோர வீடுகளில் விரைவில் களிம்பும் துருவும் ஏறும்.

இக்கரைக்கு வண்ணத்தோடு வேறொரு தொடர்பும் உண்டு. கடியப்பட்டணத்துக்கு அடுத்துள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட்டு ஆகிய கனிமங்கள் செறிந்துள்ளன. இந்திய அருமணல் நிறுவனம் அங்கு அவற்றைப் பிரித்தெடுக்கின்றது. இல்மனைட்டிலிருந்து பெறப்படும் தைட்டானியம் ஈராக்சைடே இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் வெள்ளை நிறமி. பழைய வெள்ளை ஈய நிறமியின் நச்சு இதற்கு இல்லை. செர்மன் மாதிரியில் இடும் வெள்ளை நட்சத்திரமும், பச்சையை வெளுக்கக் கலக்கும் வெள்ளையும் இவ்வாறு கருமணலிலிருந்து வந்தவையே. கார்னெட் தேய்ப்புப் பொருளாகப் பயன்படுகின்றது.

சின்னங்கள்

நீரில் நனைத்து ஒட்டும் சின்னத் தாள்கள் பழையதானால் மஞ்சளாகிவிடும். ஒளிபுகும் நெகிழி உறையிலிட்டு, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் சில நாட்கள் ஒட்டிவைத்தால் மஞ்சள் பெருமளவு வெளுக்கும். ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்புப் பூச்சு இடாவிட்டால், தாளுக்கு அடியில் காற்றுச் சிக்கி வெள்ளி போல மின்னும். இந்தியப் படைப்பிரிவுகளுக்கான சின்னத் தாள்கள் எளிதில் கிடைப்பதில்லை. எனவே எண்களையும் பெயர்களையும் நுண்தூரிகையால் கையால் எழுதுதலே பெரும்பாலும் வழி. உண்மை வண்டிகளிலும் வீரர்கள் கையால் எழுதியவையே பல என்பதால், சிறிது கோணலான எழுத்து குறையாகத் தோன்றாது.

புழுதியும் சேறும்

இறுதி வேலை, வண்டி ஓடிய நிலத்தை அதன் மேல் காட்டுவது. நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டு நிழல் காட்டுவர். பின்னர், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு விளிம்புகளை வருடுவர். நிறம் உரிந்த கீறல்களை அளவோடு இட வேண்டும். போர்முனையில் பல டாங்கிகள் துருப்பிடிக்கும் காலம் வரை பிழைத்திருக்கவில்லை. எல்லா விளிம்பிலும் துருவைத் தீட்டுவது, பழைய மாதிரியைத் திருத்துவோரிடம் அடிக்கடி காணப்படும் மிகை.

மண்ணின் நிறம் இடத்துக்கும் மாதத்துக்கும் ஏற்ப வேறுபடும். மெய்க்திலா, பர்மாவின் நடுவிலுள்ள வறண்ட நிலம். பெப்ரவரி, மார்ச்சில் அங்கு ஓடிய செர்மனுக்கு மேலிருந்து கீழ்வரை புழுதி வேண்டும். அசல் உத்தரில் கரும்பு வயல்கள் இருந்தன. கால்வாய் நீரை இந்தியப் படையினர் வயல்களில் திருப்பிவிட்டதால் பேட்டன்கள் சேற்றில் சிக்கின. அங்கு ஓடிய வண்டிக்குச் சக்கரங்களும் பட்டையும் ஈரச் சேறாகவும் மேற்பகுதி ஓரளவு தூய்மையாகவும் இருத்தல் பொருந்தும். சோசி லாவில் பனி.

உண்மையான மண்ணையே ஒட்டலாம் என்பது தொடக்கநிலையினரின் எண்ணம். கடற்கரை மணலின் 0.2 மில்லிமீட்டர் துகள் 1:35 அளவில் 7 மில்லிமீட்டர் சரளைக்கல்லாகும். போதாக்குறைக்கு அதிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து வண்ணத்தைக் கெடுக்கும். அரைத்துச் சலித்த சுண்ணக்கோல் தூளே ஏற்றது.

மீள வண்ணமிடத் தகாதவை

எல்லாப் பழைய மாதிரிகளுக்கும் புதிய வண்ணம் நன்மை செய்வதில்லை. தொழிற்சாலைப் பூச்சு அழியாத பழைய உலோகப் பொம்மைகள் மறுபூச்சால் சேகரிப்பு மதிப்பை இழக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது படையினருக்கு எதிரி வண்டிகளை அடையாளம் காணப் பயிற்றுவதற்காகச் செய்யப்பட்ட மாதிரிகளும் அத்தகையவை. அவற்றின் ஒற்றை நிறமே அவற்றின் வரலாறு. போரில் பங்கேற்றவர் தம் வண்டியை நினைவிலிருந்து வண்ணமிட்டு வைத்த மாதிரியாயின், நிறம் நூல்களோடு ஒத்துப்போகாவிட்டாலும் அதைத் தொடாமல் தூசி துடைத்து வைப்பதே முறை. நூல்கள் சொல்லாத ஒன்றை அவர் கண்டிருக்கக்கூடும்.

மீள வண்ணமிட்ட மாதிரிகளின் உடற்பகுதிக்குள், தேதியையும் பயன்படுத்திய வண்ணத்தின் வகையையும் நீக்கப்பட்ட பழைய பூச்சின் நிறத்தையும் பென்சிலால் எழுதிவைப்பது வழக்கம். அடுத்துத் திருத்துவோருக்கு எந்தக் கரைப்பான் பொருந்தும் என்பதை அக்குறிப்பு தெரிவிக்கும்.